ரத்தமா, புகையா?

ஆள் இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு வருவதற்கென்றே சம்பளம் கொடுக்கிற ஓர் உத்தியோகம் உலகத்தில் உண்டு என்பதை, அதில் போய் மாட்டிக்கொள்கிற வரைக்கும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

மெட்ராஸ், சென்னை என்று பெயர் மாறிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. நான் விலங்கியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டில் வடாம் பிழிந்துகொண்டிருந்தேன். நுரையீரல் புற்றுநோய் பற்றிய ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் களப் பணியாளர் வேண்டும் என்றார்கள். சேர்ந்தேன். விஷயம் இதுதான். ரெண்டு பேருக்கு ஒரே நோய், ஒரே கட்டம், ஒரே மருந்து. ஒருத்தர் வருஷக்கணக்காக நடமாடுகிறார். இன்னொருத்தர் அடுத்த தீபாவளியைப் பார்ப்பதில்லை. ஏன்? உள்ளே போகிற விஷத்தை உடைத்து வெளியே தள்ளுகிற மரபணு எல்லாருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சிலருக்குப் பிறவியிலேயே அது கிடையாது. அந்த வித்தியாசத்துக்கும் ஆயுளுக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நோயாளியின் ரத்தம் வேண்டும், முடிந்தால் கூடப் பிறந்தவர்களின் ரத்தமும் வேண்டும். அப்புறம் அவ்வப்போது வீட்டுக்குப் போய், ஆள் இருக்கிறாரா, போய்விட்டாரா என்று குறித்துக்கொண்டு வர வேண்டும். அது என் வேலை.

மீட்டர் பார்க்க வருகிறவர்களே, இன்ஷூரன்ஸ் ஏஜென்டுகளே, ஊதுபத்தி விற்கிற அக்காமார்களே, கணக்கெடுப்புக்கு அலைகிற வாத்தியார்களே! கதவைத் தட்டிப் பிழைக்கிற கஷ்டம் உங்களுக்குத் தெரியும் என்பதால்தான் உங்களிடம் புலம்புகிறேன். உங்களுக்காவது கதவை முகத்தில் சாத்துவார்கள். எனக்குத் திறந்து, உட்கார வைத்து, காப்பி கொடுத்துவிட்டு அழுவார்கள்.

லக்கேஜ்

ரத்தக் குழாய்களைப் பனிக்கட்டியில் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். அதற்கு எனக்கு ஒரு நீலப் பெட்டி கொடுத்திருந்தார்கள், தோளில் மாட்டிக்கொள்ள வாரோடு. அந்தப் பெட்டியோடு மயிலாப்பூரில் பஸ் ஏறி தி. நகர் போவதற்குள் நான் பட்ட பாடு இருக்கிறதே, அப்பப்பா! குழந்தையோடு இருப்பவர்கள், சொட்டு மருந்து போடுகிறவள் என்று நினைத்துக் குழந்தையை மறைத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு நான் ஐஸ்காரி.

ஒரு நாள் நிற்கக்கூட இடமில்லை. பெட்டியை என் காலடியில் வைத்திருந்தேன். கண்டக்டர் அதில் இடித்துக்கொண்டு, "இன்னாம்மா, பொட்டில இன்னா கீது? மீனா?" என்றார். காலையிலிருந்து மூன்று வீடு ஏறி இறங்கிய கடுப்பில் நான், "ரத்தம்" என்றேன். "இன்னா ரத்தம்?" "மனுஷ ரத்தம்." எனக்கு முன்னாலிருந்த சீட்டில் உட்கார்ந்திருந்த ரெண்டு பேரும் எழுந்து பின்பக்கம் போய்விட்டார்கள். நான் ஜம்மென்று உட்கார்ந்தேன். கண்டக்டர் கொஞ்ச நேரம் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் சமாதானமாகச் சொன்னார்:

"குந்து, குந்து. ஆனா மனுச ரத்தம்னா லக்கேஜ் டிக்கெட் எடுத்துதான் ஆவணும்."

இருட்டறை

மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோ. கீழே ஸ்டூடியோ, மாடியில் வீடு. அண்ணன் வரதராஜன், தம்பி சௌந்தரராஜன், ரெண்டே பேர். அண்ணன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. தம்பி செய்துகொண்டு மனைவியை இழந்தவர், குழந்தை இல்லை. பரீட்சைக்கு ஒட்டுகிற படம், பாஸ்போர்ட் படம், கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் அனுப்புகிற படம் எல்லாம் அங்கேதான் எடுப்பார்கள். தம்பிக்குத்தான் நோய்.

நான் படியேறும்போது உள்ளே ரெண்டு பேரும் ஏதோ தர்க்கம் பண்ணிக்கொண்டிருந்தது கேட்டது. என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள். நான் வழக்கமான கேள்விகளை ஆரம்பித்தேன். சிகரெட், பீடி உண்டா? சௌந்தரராஜன், "வாயில வச்சதே கிடையாது" என்றார். கூட இருப்பவர்கள் யாராவது? அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு, "நான்" என்றார். எங்கே வைத்துப் பிடிப்பீர்கள்? "படம் கழுவற இருட்டறையில." அங்கே ஜன்னல் உண்டா என்று நான் கேட்டு வைத்தேன், அசடு மாதிரி. தம்பி சிரித்துவிட்டார். "ஜன்னல் இருந்தா அதை எதுக்கும்மா இருட்டறைன்னு சொல்லப் போறோம்?"

பிறகு வரதராஜன் தானாகவே சொன்னார். கருப்பு வெள்ளைப் படம் அச்சடிக்கிற காகிதம் சிவப்பு வெளிச்சத்துக்குக் கெடாது. சிகரெட் நெருப்பும் சிவப்புதானே? அதனால் பாதகமில்லை என்று, ரெண்டு பேர் நிற்கிற அந்தச் சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, வாலிபத்திலிருந்து பிடித்து வந்திருக்கிறார். பக்கத்தில் தம்பி தட்டில் காகிதத்தை அலசிக்கொண்டு நிற்பார். காகிதம் கெட்டுவிடக் கூடாது என்று அத்தனை யோசித்திருக்கிறார்கள், ரெண்டு பேருமே.

தம்பிக்கு ரத்தம் எடுத்து முடித்ததும் அண்ணன் தன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். அவருக்கு ஒரு நோயும் இல்லை, சுவர் மாதிரி இருந்தார். ரத்தம் எடுத்தேன். "அவன் ரத்தத்துலயே ஏதாவது கோளாறு இருக்கான்னு எனக்குத் தெரியணும்" என்றார். எல்லா வீட்டிலும் சொல்கிற மாதிரி, "பார்க்கலாம் சார்" என்றேன். அவர் என் பெட்டியின் வாரைப் பிடித்துக்கொண்டார்.

"பார்க்கலாம்னு சொல்லாதேம்மா. ரத்தமா, என் புகையான்னு நீ எனக்குச் சொல்லியே ஆகணும்."

பந்தல்

மந்தைவெளியில் ஒரு தெரு. அந்தத் தெருவில் மட்டும் என் பட்டியலில் மூன்று வீடு இருந்தது, என் கெட்ட காலம். முதல் வீட்டில் ரத்தம் எடுத்துவிட்டு வந்தேன், கொஞ்ச நாளில் அவர் போய்விட்டார். அடுத்த வீடும் அப்படியே. மூன்றாவது வீட்டுக்குப் போகும்போது எதிர் வீட்டு அம்மாள் வாசலில் தண்ணீர் தெளிப்பதை விட்டுவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நானா கொன்றேன்? நான் போகாவிட்டாலும் அவர்கள் போகத்தான் போகிறார்கள். இதை யாரிடம் சொல்ல?

தெருமுனையில் தள்ளுவண்டியில் இஸ்திரி போடுகிறவர், என்னைவிட ரெண்டு வயது சின்னவராக இருப்பார், ஒருத்தர்தான் என்னோடு பேசுவார். வெயிலில் நின்றால் வண்டி நிழலில் ஒதுங்கச் சொல்வார். நல்ல மனுஷன். அவரே அன்றைக்குக் கரியைக் கிளறிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"தப்பா நெனக்காதக்கா. நீ வந்துட்டுப் போற ஊட்ல எல்லாம் பந்தல் போட்றாங்கோ. எங்கம்மாவுக்கு இருமல் கீது, எங்க ஊட்டாண்ட மட்டும் வந்துடாத."

போர்டு

தி. நகரில் ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர். பெல் அடித்ததும் மூத்த மகன் வெளியே வந்து கதவை முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொண்டார். "அப்பாகிட்ட அந்த வார்த்தையை மட்டும் சொல்லிடாதீங்க. நெஞ்சுல சளி கட்டியிருக்குன்னு சொல்லி வச்சிருக்கோம்." அவர் உள்ளே போனதும் இளையவர் வந்தார். அவரும் அதையே சொன்னார். காப்பி கொண்டுவந்த மருமகளும் டம்ளரைக் கொடுக்கிற சாக்கில் அதையே சொன்னாள். இது எங்கள் ஊர் வழக்கம். நோயாளியைத் தவிர வீட்டில் எல்லாருக்கும் நோய் தெரியும். என் கையிலிருந்த காகிதத்தின் தலைப்பிலேயே அந்த வார்த்தை இருந்தது. அதன் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டு உள்ளே போனேன்.

"சளி ஆராய்ச்சியிலிருந்து வரேன் சார்" என்றேன், வெட்கமில்லாமல். "சளிக்குக் கூட ரத்தம் எடுக்கிறாங்களா? பரவாயில்லையே, முன்னேறிட்டோம்" என்றார் பெரியவர். மூத்தவரை மாத்திரை வாங்கிவர அனுப்பினார். இளையவரை ஃபேன் ரிப்பேருக்கு ஆள் கூட்டிவர அனுப்பினார். மருமகளிடம் வெந்நீர் கேட்டார். மூன்று பேரும் போனதும் கையை நீட்டிக்கொண்டே சன்னமான குரலில் சொன்னார்:

"அந்த ஆஸ்பத்திரி வாசல்ல, ஸ்டேஷன் போர்டு மாதிரி அம்மாம் பெரிசா எழுதிப் போட்டிருக்காங்க. காலம் பூரா போர்டு பார்த்துக் கொடி காட்டினவன்மா நான், அது வழியா என்னைத் தள்ளிக்கிட்டுப் போயிட்டு சளிங்கிறானுங்க. எனக்குத் தெரியும்னு சொல்லிடாதீங்க, பசங்க தாங்கமாட்டானுங்க."

ஒரு நாளைக்கு எத்தனை?

அடையாறில் ஒரு வீடு. தோட்டம், கேட், நாய் எல்லாம் உண்டு. பொதுப்பணித் துறையில் என்ஜினீயராக இருந்தவர். புகை கிடையாது, மது கிடையாது, காப்பி கூட ஒரு வேளைதான். அப்படிப்பட்டவருக்கு வந்திருந்தது. நான் ஆராய்ச்சியைப் பற்றி விளக்க ஆரம்பித்து, மரபணு என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன். அவர் மனைவி ஓடிப்போய் ஹால் கதவைச் சாத்தினார். பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம், ஒரு இடம் அநேகமாகத் திகைந்துவிட்டதாம். "பரம்பரை நோய்னு நீங்க எழுதிட்டா எம்பொண்ணை யாரும்மா எடுப்பாங்க?"

பரம்பரை நோய் என்று நாங்கள் சொல்லவே இல்லை, இது வேறு, பேரே வெளியில் வராது என்று தொண்டை வறளச் சொன்னேன். அந்த அம்மாள் கேட்டால்தானே? "வேண்டாம்மா. இவர் சிகரெட் பிடிப்பார்னு எழுதிக்கோங்க. அதனால வந்ததுன்னு எழுதிக்கோங்க." என்ஜினீயர் முகம் சிவந்துவிட்டது. "யாரு, நானா? ஆபீஸ்ல ஒருத்தன் பிடிச்சா எழுந்து வெளியே போயிடுவேனே, எம்மேலயா?" என்று கத்த ஆரம்பித்தவர் இருமலில் மாட்டிக்கொண்டார். இருமி முடித்தபோது, உள் அறையில் மகள் யாரிடமோ டெலிபோனில் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது. அவர் அதைக் கேட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். நான் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். வேண்டாம் சார், உங்களைச் சேர்க்கவே இல்லை, விட்டுவிடுகிறேன் என்றேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் மனைவி பக்கம் திரும்பினார்.

"சரி, பிடிச்சேன். ஒரு நாளைக்கு எத்தனைன்னு நீயே சொல்லு, நாளைக்கு எவனாவது கேட்டா நான் மாத்திச் சொல்லிடப் போறேன்."

பாய்

ராயப்பேட்டையில் தகரப் பெட்டி செய்கிற பட்டறை வைத்திருந்த பாய் ஒருத்தர். மீசை முளைப்பதற்கு முன்னாலிருந்து பீடி. சௌந்தரராஜனுக்கு இருந்த அதே நோய், அதே கட்டம், அதே மருந்து. ஆனால் அவருக்கு ரொம்ப முன்னாலேயே வந்தது. நாங்கள் எல்லாரும் அவரை வழியனுப்பத் தயாராக இருக்க, மனுஷன் ஒவ்வொரு தடவையும் சவரம் பண்ணிக்கொண்டு, சென்ட் போட்டுக்கொண்டு செக்கப்புக்கு வந்து நிற்பார். செக்கப் முடிந்ததும் ஆஸ்பத்திரிச் சுவருக்குப் பின்னால் போய் ஒரு பீடி. ஏன் பாய் என்றால், "டாக்டரு வேணாம்னாரு, ஊட்ல வேணாம்னாங்கோ. பீடி மட்டும் எதுவுமே சொல்லலியே" என்பார்.

ஒரு செக்கப் நாளில் பெஞ்சில் சகோதரர்கள் ரெண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். தம்பி பாதியாக இளைத்திருந்தார். பக்கத்தில் வந்து உட்கார்ந்த பாயின் சட்டையில் பீடி வாசனை. வரதராஜன் விடவில்லை. எத்தனை வருஷமாகப் பிடிக்கிறீர்கள், இப்போதும் உண்டா, நோய் வந்து எத்தனை காலம் ஆயிற்று என்று வக்கீல் மாதிரி கேட்டார். பாயும் சளைக்காமல் பதில் சொன்னார். வரதராஜன் முகம் அன்றைக்கு மலர்ந்த மாதிரி நான் பார்த்ததே இல்லை. என் பக்கம் திரும்பி, "பார்த்தியா! புகைதான் காரணம்னா இவர்னா முன்னாடி போயிருக்கணும்? அப்போ புகை இல்லை, ரத்தம்தான்" என்றார். சார், புகை பண்ணுகிற அக்கிரமத்துக்கு அளவே இல்லை, ஒருத்தர் தப்பித்ததை வைத்து அப்படிச் சொல்லக் கூடாது என்று நான் மெதுவாகச் சொன்னேன். அவருக்குக் காது கேட்கவில்லை. சௌந்தரராஜன் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். பாய் மூன்று பேரையும் பார்த்தார். அவருக்கு என்ன புரிந்ததோ, வரதராஜன் முழங்காலில் தட்டினார்.

"சாமி, மேல இருக்கறவன் இன்னாத்துக்கோ என்ன மறந்துட்டாம்பா. நீ இப்டி சத்தம் போட்டுப் பேசி அவனுக்கு ஞாபகப்படுத்தாத."

கூட்டம்

அப்புறம் வரதராஜன் எங்கள் ஆபீஸுக்கே வர ஆரம்பித்தார். காலையில் ஸ்டூடியோ திறக்கிற நேரத்தில் ஸ்டூடியோவைத் திறக்காமல் எங்கள் வராந்தாவில் வந்து உட்கார்ந்துகொள்வார். "ரிசல்ட் வந்துடுத்தா?" இல்லை சார். "சரி, நாளைக்கு வரேன்." சிகரெட்டை விட்டிருந்தார். விட்டுவிட்ட கை சும்மா இருக்காமல் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருக்கும். அந்த வராந்தாவைக் கடந்து போகப் பயந்து நான் பின்பக்க வழியாக ஆபீஸுக்குப் போன நாட்கள் உண்டு.

தாங்காமல் திட்டத்தின் தலைவரான பெரிய டாக்டரிடம் போய்க் கேட்டேன். கெட்டவர் இல்லை, நிதானமாகத்தான் விளக்கினார். குழாயில் பேர் இருக்காது, எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்று பரிசோதிக்கிறவர்களுக்குத் தெரியக் கூடாது, அதுதான் ஒழுங்கு. தெரிந்தாலும் பிரயோஜனமில்லை. அந்த மரபணு இல்லாதவர்கள் நிறையப் பேர் நோயே வராமல் செத்திருக்கிறார்கள். அது இருந்தவர்களுக்கும் வந்திருக்கிறது. ஒரு தனி மனுஷனைக் காட்டி, இவருக்கு இதனால்தான் வந்தது என்று கடவுள் வந்தாலும் சொல்ல முடியாது. எனக்கு எல்லாம் புரிந்தது. நான் எம்.எஸ்ஸி. படித்தவள், புரியாமல் என்ன? ஆனால் அந்த மனுஷனுக்கு வேண்டியது ஒரே ஒரு வார்த்தை சார், தம்பி போவதற்கு முன்னால் வேண்டும் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நமக்கு வேண்டியது கூட்டம்மா. தனி ஆளுக்குப் பதில் சொல்ற சயின்ஸ் இன்னும் வரலை."

அன்றைக்குச் சாயங்காலம் வராந்தா வழியாகவே போய், "இன்னும் வரலை சார்" என்றேன். அது பொய் இல்லை. "அதுக்கென்ன, நாளைக்கு வரேன்" என்று அவர் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார்.

ஊசி குத்தினவா

மழைக்காலத்தில் சௌந்தரராஜன் படுத்துவிட்டார். நான் போனபோது மாடி அறையில் ஆக்ஸிஜன் சிலிண்டர் நின்றிருந்தது. வரதராஜன் பின்னால் அடுக்களையில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தார். கரண்டிச் சத்தம் கேட்டது. தம்பி என்னைக் கிட்டே வரச் சொல்லிக் கை காட்டினார். ஒரு வார்த்தை, ஒரு மூச்சு என்று விட்டு விட்டுத்தான் பேச முடிந்தது.

"அண்ணா தினமும் உங்காபீஸுக்கு வரானாமே." ஆமாம் என்றேன். "உங்களால சொல்ல முடியாதுன்னு எனக்குத் தெரியும். நானும் ரெண்டெழுத்துப் படிச்சவன்தான்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "நான் போனப்புறம் அவன் தனியா அந்த இருட்டறையில நிக்கணும். ஒவ்வொரு நாளும் நிக்கணும். அவனுக்கு வேற தொழில் தெரியாது." கரண்டிச் சத்தம் நின்றது. கொஞ்சம் காத்திருந்தார், மறுபடி ஆரம்பித்ததும் பேசினார். உங்களுக்கு அவர் மேல் கோபமே இல்லையா சார் என்று நான் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டார். "இருக்கு. இல்லாம என்ன? வெளியில போய்ப் பிடிடான்னு நானும் சொல்லியிருக்கலாம். படம் கெட்டுடும், கதவைத் திறக்காதேன்னு சொன்னதே நான்தான்." பிறகு, எனக்கு என்ன சொல்லிக்கொடுக்க வேண்டுமோ அதை, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கச் சொல்கிற மாதிரி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்:

"'ரத்தத்துலயே இருந்திருக்கு, யாரோட புகையும் இல்லை'ன்னு சொல்லுங்கோ. நான் சொன்னா நம்பமாட்டான். ஊசி குத்தினவா சொன்னா நம்புவான்."

கழுவின படம்

அவர் போய்விட்ட செய்தி தெரிந்தும் நான் கொஞ்ச நாள் அந்தப் பக்கமே போகவில்லை. ஆனால் போகாமல் முடியாதே! போன தேதியைக் குறித்துக்கொண்டு வந்தால்தான் ஆராய்ச்சியில் அவர் ஆயுள் கணக்கு முடியும். போனேன். ஸ்டூடியோ திறந்திருந்தது, ஆள் இல்லை. இருட்டறைக்குள்ளிருந்து குரல் வந்தது. "யாரு? நீயாம்மா? உள்ளே வா. வந்ததும் கதவைச் சாத்திடு, வெளிச்சம் பட்டா போயிடும்."

ஒரு சிவப்பு பல்பு. ரெண்டு பேர் நின்றால் தோள் இடிக்கும் என்று கேட்டிருந்தேன், அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன். மருந்து நெடி மூக்கைத் துளைத்தது. சிகரெட் வாசனை இல்லை. வரதராஜன் தட்டில் ஒரு பெரிய காகிதத்தை மருந்துத் தண்ணீரில் ஆட்டிக்கொண்டிருந்தார். வெள்ளையாக இருந்ததில் முதலில் தலைமயிர் வந்தது, அப்புறம் புருவம், அப்புறம் சௌந்தரராஜன். நோய் வருவதற்கு முன்னால் எடுத்த படம், கன்னம் கொழுகொழுவென்று இருந்தது. மாலை போட்டு மாட்டுவதற்காக.

எனக்கு மனசில் ஒப்பித்துக்கொண்டு வந்ததெல்லாம் மறந்துவிடும் போலிருந்தது. அவர் முகம் சரியாகத் தெரியாத தைரியத்தில் சொன்னேன், தம்பி சொல்லிக்கொடுத்ததை ஒரு எழுத்து மாறாமல். "மாமா, ரிசல்ட் வந்துடுத்து. ரத்தத்துலயே இருந்திருக்கு, யாரோட புகையும் இல்லை." அதுவரைக்கும் அவரை நான் சார் என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். 'வந்துடுத்து' என்பதும் என் பேச்சு இல்லை, அவர்கள் வீட்டுப் பேச்சு. சொல்லி முடித்த பிறகுதான் அது எனக்கே உறைத்தது.

அவர் இடுக்கியால் படத்தை எடுத்தார், சொட்டச் சொட்டப் பிடித்தார், அடுத்த தட்டில் முகம் மேலே பார்க்கும்படி வைத்தார். விரல் நுனியால் ஓரத்தை மெதுவாக அமுக்கி முழுக வைத்தார். படம் முழுகிய பிறகுதான் பேசினார்:

"நீ மொத நாள் மாடிப்படி ஏறி வரச்சே, இதே வார்த்தையைத்தான் அவன் எங்கிட்ட சொல்லிண்டிருந்தான், அப்போ நீ ஊசியைக் கண்ணுலயே காட்டலை. போயிட்டு வாம்மா, அவன் சொல்லிக்கொடுத்தபடியே நீ சொல்லிட்டேன்னு நான் அவன்கிட்ட சொல்லிக்கறேன்."

கதவைச் சாத்திவிட்டு வந்த நான் அந்த மாதமே வேலையை விட்டேன். எங்கள் ஆராய்ச்சி 'மேற்கொண்டு ஆராய வேண்டும்' என்று முடிந்ததாகக் கேள்விப்பட்டேன். ரத்தம் என்று சொல்லிவிடாதே என்று கெஞ்ச அடையாறில் ஒரு வீடும், ரத்தம் என்று சொல்லிவிடு என்று கெஞ்ச மயிலாப்பூரில் ஒரு வீடும் இருந்தனவே தவிர, தெரியாது என்கிற ஒரே உண்மையை வாங்கிக்கொள்ள இந்த ஊரில் எனக்கு ஒரு கதவும் திறக்கவில்லை.